வழக்கமான இரத்தப் பரிசோதனைகளும் இதய நோய் அபாயமும்: முடிவுச் சீட்டை எவ்வாறு புரிந்துகொள்வது?

இரத்தப் பரிசோதனை முடிவுச் சீட்டு கைக்கு வந்தவுடன் பெரும்பாலோர் முதலில் தேடுவது தடித்த எழுத்திலோ நட்சத்திரக் குறியுடனோ அச்சிடப்பட்ட எண்களைத்தான். அப்படி எதுவும் இல்லையெனில், இதயத்தில் எந்தக் குறையும் இல்லை என்ற நிம்மதியுடன் சீட்டை மடித்து வைத்துவிடுகின்றனர். ஏதேனும் ஓர் எண் கூடுதலாக இருந்தாலோ, மாரடைப்பு வந்துவிடுமோ என்ற அச்சத்தில் உறக்கம் இழக்கின்றனர். இவ்விரண்டு முடிவுகளுமே பெரும்பாலும் தவறானவை. சீட்டில் உள்ள எந்த ஓர் எண்ணும் தனியாக நின்று உங்கள் இதயத்தைப் பற்றி முடிவு கூறுவதில்லை. உங்கள் வயது, இரத்த அழுத்தம், புகையிலைப் பழக்கம், நீரிழிவு, குடும்ப வரலாறு ஆகியவற்றோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அந்த எண்களுக்குப் பொருள் கிடைக்கிறது.

இக்கட்டுரை, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் சாதாரணமாகச் செய்யப்படும் இரத்தப் பரிசோதனைகளைக் கொண்டு இதய நோய் அபாயம் எவ்வாறு கணிக்கப்படுகிறது என்பதை விளக்குகிறது. உங்கள் சீட்டை அருகில் வைத்துக்கொண்டு படித்தால் எளிதில் விளங்கும்.

இரத்தத்தை ஆராய்ந்து இதயத்தைக் கணிப்பது எப்படி?

மாரடைப்பு ஒரே நாளில் உருவாவதில்லை. இரத்தத்தில் மிதந்து செல்லும் கொழுப்புத் துகள்களில் ஒரு வகையான எல்.டி.எல்., தமனியின் உட்சுவருக்குள் புகுந்து தங்குகிறது. அதை அகற்ற வரும் வெள்ளணுக்கள் கொழுப்பை விழுங்கி அங்கேயே தேங்கிவிடுகின்றன. அவ்விடத்தில் அழற்சி ஏற்பட்டு, ஆண்டுக்கணக்கில் கொழுப்புத் திட்டு வளர்கிறது. உயர் இரத்த அழுத்தமும் புகையிலையும் மிகையான சர்க்கரையும் தமனியின் உட்சுவரைச் சேதப்படுத்தி இதை விரைவுபடுத்துகின்றன. ஒருநாள் அத்திட்டின் மேலுறை கிழிந்தால், அதன்மேல் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடுகிறது. அதுவே மாரடைப்பு. மூளைக்குச் செல்லும் குழாயில் இதே போன்ற அடைப்பு நேர்ந்தால் பக்கவாதம் ஏற்படுகிறது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிழியும் திட்டு எப்போதும் குழாயைப் பெருமளவு அடைத்திருக்கும் பெரிய திட்டாக இருப்பதில்லை. பாதியளவுகூட அடைக்காத திட்டும் கிழியலாம். அதனால்தான் முந்தைய மாதம் எடுத்த இ.சி.ஜி.யும் டிரெட்மில் பரிசோதனையும் இயல்பாக இருந்த ஒருவருக்கும் மாரடைப்பு வருகிறது. இ.சி.ஜி. அந்த நேரத்து இதயத்தின் நிலையைக் காட்டும். இரத்தப் பரிசோதனையோ, திட்டு வளர்வதற்கான சூழல் உங்கள் இரத்தக் குழாய்களில் எந்த அளவுக்கு நிலவுகிறது என்பதைக் காட்டும். குழாயில் அடைப்பு உள்ளதா, எங்கே உள்ளது என்பதை இப்பரிசோதனைகளில் எதுவும் சொல்லாது.

அபாயம் என்பது ஒரு கணக்கு

இக்கணக்கின் தொடக்கம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஃபிராமிங்ஹாம் என்ற சிறு நகரம். 1948ஆம் ஆண்டு அங்கு 5,209 ஆண்களும் பெண்களும் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதிக்கப்பட்டனர். யாருக்கு மாரடைப்பு வருகிறது, அவர்களுடைய பழைய அளவீடுகள் எப்படி இருந்தன என்று பல்லாண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்ததில்தான், மிகையான கொலஸ்ட்ராலும் உயர் இரத்த அழுத்தமும் புகைபிடித்தலும் மாரடைப்புக்கு முன்னோடிகள் என்பது உறுதியாயிற்று. பின்னர் இவற்றை ஒன்றுசேர்த்து அபாயத்தைக் கணிக்கும் அட்டவணைகள் உருவாயின.

ஓர் ஊர் மக்களைக் கொண்டு வகுத்த கணக்கு எல்லா நாட்டவருக்கும் அப்படியே பொருந்தாது. எனவே உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு, உலகை 21 வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை வெளியிட்டது. தெற்காசியாவுக்கான அட்டவணை நமக்கு உரியது. 40 முதல் 74 வயது வரை உள்ளோருக்கு, பாலினம், வயது, புகைபிடிக்கும் பழக்கம், இரத்த அழுத்தத்தின் மேல் எண், நீரிழிவு உண்டா இல்லையா, மொத்தக் கொலஸ்ட்ரால் ஆகிய ஆறு விவரங்களைக் கொண்டு அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வருவதற்கான வாய்ப்பு அதில் விழுக்காடாகக் குறிக்கப்படுகிறது. 5 விழுக்காட்டுக்குக் குறைவு பச்சை, 5 முதல் 10 வரை மஞ்சள், 10 முதல் 20 வரை ஆரஞ்சு, 20 முதல் 30 வரை சிவப்பு, அதற்கும் மேல் அடர்சிவப்பு என்று கட்டங்கள் நிறமிடப்பட்டுள்ளன.

பத்து விழுக்காடு என்றால் என்ன? உங்களைப் போன்ற அளவீடுகள் கொண்ட 100 பேரை ஓர் அரங்கில் அமர வைத்தால், அடுத்த பத்து ஆண்டுகளில் அவர்களுள் ஏறத்தாழ 10 பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ நேரும். 90 பேருக்கு நேராது. நீங்கள் அந்தப் பத்துப் பேரில் ஒருவரா, தொண்ணூறு பேரில் ஒருவரா என்பதை எந்தப் பரிசோதனையாலும் சொல்ல இயலாது. ஆனால் அந்தப் பத்தை ஆறாகவோ ஐந்தாகவோ குறைக்க இயலும். கணக்கிடுவதன் நோக்கமே அதுதான்.

எடுத்துக்காட்டாக, இருவரின் மொத்தக் கொலஸ்ட்ரால் 200 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 42 வயதுப் பெண், புகையிலைப் பழக்கம் இல்லை, இரத்த அழுத்தத்தின் மேல் எண் 118, நீரிழிவு இல்லை. மற்றவர் 58 வயது ஆண், பீடி பிடிப்பவர், மேல் எண் 156, நீரிழிவு உள்ளவர். முதலாமவர் பச்சைக் கட்டத்தில் இருப்பார். இரண்டாமவரின் அபாயம் அதைப் போலப் பல மடங்கு. இருவரின் சீட்டிலும் கொலஸ்ட்ரால் எண் ஒன்றே. எனவே, "கொலஸ்ட்ரால் 200, இது அதிகமா, குறைவா?" என்று எண்ணை மட்டும் கூறிக் கேட்டால் சரியான விடை கிடைக்காது.

இந்த அட்டவணையிலும் குறைகள் உண்டு. மெல்லும் புகையிலையை அது கணக்கில் கொள்வதில்லை. நம் நாட்டிலோ அப்பழக்கம் பரவலாக உள்ளது. பெற்றோர் அல்லது உடன்பிறந்தோர்க்கு இளம் வயதில் வந்த மாரடைப்பையும் அது கேட்பதில்லை. ஆண் உறவினர்க்கு 55 வயதுக்கு முன்னரோ, பெண் உறவினர்க்கு 65 வயதுக்கு முன்னரோ மாரடைப்பு வந்திருந்தால், அட்டவணை காட்டுவதைவிட உங்கள் அபாயம் கூடுதல் என்று கொள்ள வேண்டும். தவிர, அது 40 வயதில்தான் தொடங்குகிறது. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004ஆம் ஆண்டு வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளின்படி, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது ஏறத்தாழ 53. பிற நாட்டவர்க்கு அது ஏறத்தாழ 59. ஆகவே, 35 வயதில் கொலஸ்ட்ராலும் இரத்த அழுத்தமும் மிகுந்திருக்கும் ஒருவர், தமது வயதுக்கு அட்டவணை இல்லை என்பதால் தமக்கு அபாயமும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அடுத்த பத்து ஆண்டுகளுக்கான கணக்கு சிறியதாக இருக்கலாம். வாழ்நாள் கணக்கு அப்படி இராது.

மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கனவே வந்தவர்கள், ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள், இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு இக்கணக்கே தேவையில்லை. அவர்கள் மிக அதிக அபாயப் பிரிவினர். அவர்களுக்கு இரத்தப் பரிசோதனை, அபாயத்தைக் கணிப்பதற்காக அன்று. சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்ப்பதற்காகவே செய்யப்படுகிறது.

கொழுப்புப் பரிசோதனைச் சீட்டைப் படிப்பது

லிப்பிட் புரொஃபைல் என்ற தலைப்பின்கீழ் ஆறு முதல் எட்டு எண்கள் வரை அச்சிடப்பட்டிருக்கும். அவை அனைத்தும் தனித்தனியாக அளக்கப்பட்டவை என்று எண்ண வேண்டாம். பல ஆய்வகங்களில் மொத்தக் கொலஸ்ட்ரால், எச்.டி.எல்., டிரைகிளிசரைடு ஆகிய மூன்று மட்டுமே அளக்கப்படுகின்றன. எஞ்சியவை கழித்தலும் வகுத்தலும் செய்து கிடைப்பவை. டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் வி.எல்.டி.எல். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லையும் வி.எல்.டி.எல்.லையும் கழித்தால் எல்.டி.எல். இம்முறைக்கு ஃபிரீட்வால்டு சூத்திரம் என்று பெயர். 1972 முதல் வழக்கில் உள்ளது. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இக்கணக்கு பொருந்தாது. அப்போது எல்.டி.எல்.லை நேரடியாக அளக்க வேண்டும்.

இவற்றுள் திட்டு உருவாகக் காரணமாக இருப்பது எல்.டி.எல். மருந்தால் இது ஏறத்தாழ 39 மி.கி. குறைக்கப்படும்போது, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரு நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்கு குறைவதைப் பல பெரிய ஆய்வுகளின் தொகுப்பு காட்டியுள்ளது. எல்.டி.எல். 190 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால், வேறு எந்தக் கணக்கும் பாராமல் சிகிச்சை தேவைப்படும். இத்தகையோர் பலருக்கு இது பிறவியிலேயே வரும் மரபுக் கோளாறாக இருக்கலாம். அவர்தம் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கும் பரிசோதனை செய்ய வேண்டும். வீட்டில் ஒருவரின் சீட்டு, மற்றவர்களையும் முன்கூட்டியே எச்சரிக்கிறது.

எச்.டி.எல்.லை "நல்ல கொழுப்பு" என்பர். ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழ் இருந்தால் அபாயம் கூடுதல் என்பது உண்மை. ஆனால் அதை மருந்தால் உயர்த்திய ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. எனவே எச்.டி.எல்.லை ஓர் அறிகுறியாக மட்டும் கொள்ளுங்கள். அதை உயர்த்துவதாக விளம்பரம் செய்யப்படும் மாத்திரைகளுக்கும் பொடிகளுக்கும் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

டிரைகிளிசரைடு, உணவையும் மதுவையும் சர்க்கரையின் கட்டுப்பாட்டையும் பொறுத்து வெகுவாக ஏறி இறங்கும். அரிசியும் இனிப்பும் மிகுந்த உணவு, வயிற்றுப் பருமன், கட்டுப்பாடற்ற நீரிழிவு ஆகியவை இதை உயர்த்தும். இது 500க்கு மேல் சென்றால் கணைய அழற்சிக்கு வழிவகுக்கலாம் என்பதால் உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

நம் மக்களிடம் அடிக்கடி காணப்படும் அமைப்பு ஒன்று உண்டு: எல்.டி.எல். ஓரளவே கூடுதல், டிரைகிளிசரைடு அதிகம், எச்.டி.எல். குறைவு. இதைக் கவனியாமல் விட்டுவிடுவது எளிது. மொத்தக் கொலஸ்ட்ரால் 210, எச்.டி.எல். 38, டிரைகிளிசரைடு 220 என்று ஒரு சீட்டு வருகிறது எனக் கொள்வோம். 220ஐ ஐந்தால் வகுத்தால் 44. 210லிருந்து 38ஐயும் 44ஐயும் கழித்தால் எல்.டி.எல். 128. "சற்றுத்தானே கூடுதல்" என்று தோன்றும். ஆனால் மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்துப் பாருங்கள்: 172. இதற்கு நான்-எச்.டி.எல். கொலஸ்ட்ரால் என்று பெயர். திட்டை உருவாக்கவல்ல எல்லாத் துகள்களின் கொழுப்பும் இந்த ஒரே எண்ணில் அடங்கிவிடுகிறது. பொதுவாக இது 130க்குக் கீழ் இருக்க வேண்டும். கூடுதல் செலவில்லை, வெறும் வயிறும் தேவையில்லை, சீட்டில் அச்சிடப்படாவிட்டாலும் நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். என் கருத்தில், எல்.டி.எல்.லுக்கு அடுத்து நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய எண் இதுவே.

கொழுப்புப் பரிசோதனையில் சேராத இரண்டு எண்கள்

சர்க்கரைப் பரிசோதனை நீரிழிவுக்கு மட்டுமே என்று பலர் கருதுகின்றனர். நீரிழிவு நோயாளிகளின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது இதய, இரத்தக் குழாய் நோய்களே. வெறும் வயிற்றில் சர்க்கரை 126 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தால், நீரிழிவு எனக் கொண்டு மறுபரிசோதனையால் உறுதி செய்யப்படும். 100 முதல் 125 வரையிலும், 5.7 முதல் 6.4 வரையிலும் உள்ளவர்கள் நீரிழிவுக்கு முந்தைய நிலையினர். இதயக் குழாய்களில் பாதிப்பு இந்நிலையிலேயே தொடங்கிவிடலாம். "பார்டர்லைன்தான்" என்று கூறி அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடத் தக்கதன்று.

இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை உள்ளவர்களுக்கு எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். சிவப்பணுக்கள் விரைவில் அழியும் நோய்களில் குறைவாகக் காட்டும். நம் பெண்களிடையே இரத்தசோகை பரவலாக இருப்பதால், ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். ஐயம் இருப்பின் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் உணவுக்குப் பிந்தைய சர்க்கரையும் பார்க்கப்படும்.

மற்றோர் எண் கிரியேட்டினின். இது சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டுவது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு, டயாலிசிஸ் தேவைப்படும் நிலையை எட்டும் முன்னரே இதய நோய் வரும் வாய்ப்பு மிகுதி. ஆனால் கிரியேட்டினின் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறுவது எளிது. தசை வலிமையுள்ள 25 வயது இளைஞருக்கு 1.2 என்று வந்தால், சிறுநீரக வடிகட்டும் திறனாகிய இ.ஜி.எஃப்.ஆர். ஏறத்தாழ 86, கவலைப்பட ஒன்றுமில்லை. அதே 1.2, 70 வயது மூதாட்டிக்கு வந்தால் திறன் ஏறத்தாழ 49தான். 60க்குக் கீழ் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். இரண்டு சீட்டிலும் எண் ஒன்று. மூதாட்டியின் சீட்டிலும் அதற்கு எதிரே நட்சத்திரக் குறி இல்லாமல் போகலாம். வீட்டில் முதியோர் இருப்பின், அவர்களின் கிரியேட்டினின் அளவுக்கான இ.ஜி.எஃப்.ஆர். என்ன என்று மருத்துவரிடம் தவறாமல் கேளுங்கள். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் சிறுநீரில் அல்புமின் புரதம் வெளியேறுகிறதா என்றும் ஆண்டுக்கொருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலை உயர்ந்த பரிசோதனைகள் தேவையா?

முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் ஐம்பது, அறுபது பரிசோதனைகள் என்று விளம்பரம் செய்யப்படுகின்றன. எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். இதயத்தைப் பொறுத்தவரை, நூற்றுக்கணக்கில் செலவாகும் பரிசோதனை தரும் தகவலைவிட, கையில் பட்டை கட்டி அளக்கும் இரத்த அழுத்தமும், "புகையிலைப் பழக்கம் உண்டா?" என்ற கேள்வியும் பெரும்பாலும் கூடுதலான தகவலைத் தருகின்றன.

இதில் ஒரு விதிவிலக்கு, லிப்போபுரோட்டீன்-ஏ என்ற பரிசோதனை. இது பெரும்பாலும் மரபால் நிர்ணயிக்கப்படுவது. உணவாலும் உடற்பயிற்சியாலும் அதிகம் மாறாது. ஆகவே வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட கொழுப்புக் கோளாறு வழிகாட்டுதல்களும் இதனை ஒருமுறையேனும் பார்க்கப் பரிந்துரைக்கின்றன. 50 மி.கி.க்கு மேல் இருந்தால் அபாயம் கூடுதல். எல்லோராலும் இதற்குச் செலவிட இயலாது; குடும்பத்தில் இளம் வயது மாரடைப்பு வரலாறு உள்ளவர்களுக்கு முன்னுரிமை தரலாம்.

எச்.எஸ்.-சி.ஆர்.பி. என்பது அழற்சியைக் காட்டும் பரிசோதனை. அபாயம் நடுத்தரமாக உள்ளவர்க்கு மருந்து தொடங்குவதா, வேண்டாமா என்ற ஐயம் எழும்போது உதவலாம். சளி, காய்ச்சல், பல்லில் சீழ் என எது இருந்தாலும் இது உயரும். 10க்கு மேல் வந்தால் நோய்த் தொற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சில வாரங்கள் கழித்து மீண்டும் செய்ய வேண்டும். ஹோமோசிஸ்டீன் அளவை வைட்டமின் மாத்திரைகளால் குறைத்தும் பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. எனவே இதய அபாயத்துக்கென அதை வழக்கமாகச் செய்யத் தேவையில்லை.

இரத்த அணுக்கள் பரிசோதனையிலிருந்தும் அபாயத்தைக் கணிக்கும் முயற்சிகள் நடைபெற்று வருகின்றன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள இன்டர்மவுண்டன் மருத்துவ ஆய்வாளர்கள், வயது, பாலினம் ஆகியவற்றுடன் சாதாரண இரத்த அணுக்கள் பரிசோதனையிலும் உப்பு, சர்க்கரை, சிறுநீரகப் பரிசோதனைகளிலும் கிடைக்கும் எண்களைக் கொண்டு மரண அபாயத்தைக் கணிக்கும் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினர். சிவப்பணுக்களின் பரும வேறுபாடும் வெள்ளணுக்களின் எண்ணிக்கையும் அதில் இடம்பெறுகின்றன. இது மருத்துவர்க்குப் பயனுள்ள சிந்தனை. எனினும், சீட்டில் வெள்ளணு சற்றுக் கூடுதலாக இருப்பதைக் கண்டு நீங்கள் இதய நோயை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. ஓர் அளவு உயர்ந்தவர்களிடம் நோய் அதிகம் காணப்படுவதும், அந்த அளவே நோய்க்குக் காரணமாக இருப்பதும் வெவ்வேறு செய்திகள்.

எதிரே அச்சிடப்பட்டுள்ள "இயல்பு அளவு" உங்களுக்கானதா?

ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே இயல்பு அளவு என்று ஒரு வரம்பு இருக்கும். அந்த வரம்பு எல்லோருக்கும் பொதுவானது. ஆய்வகக் கணினிக்கு உங்கள் நோய் வரலாறு தெரியாது. மேற்கூறிய இந்திய வழிகாட்டுதல்களின்படி, குறைந்த அபாயம் உள்ளவர்க்கு எல்.டி.எல். 100க்குக் கீழும், அதிக அபாயம் உள்ளவர்க்கு 70க்குக் கீழும், மாரடைப்பு வந்தவர் போன்ற மிக அதிக அபாயம் உள்ளவர்க்கு 55க்குக் கீழும் இருக்க வேண்டும். ஸ்டென்ட் பொருத்தப்பட்ட ஒருவருக்கு 95 என்று வந்தால் சீட்டில் குறி எதுவும் இராது. ஆனால் அவருக்கு உரிய இலக்கிலிருந்து அது வெகுதூரம்.

இதைவிடக் கவலைக்குரியது, சீட்டு இயல்பாக வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுவது. புறநோயாளிகள் பிரிவில் ஏறக்குறைய நாள்தோறும் கேட்கும் சொல் இது: "கொழுப்பு நார்மல் ஆயிடுச்சுங்க டாக்டர், அதான் விட்டுட்டேன்." அந்த இயல்பு நிலை மாத்திரையால் வந்தது. ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் எல்.டி.எல். பழைய அளவுக்கே திரும்பும்; அப்போது உடலில் எந்த வலியோ அறிகுறியோ தோன்றாது. தசைவலி, சோர்வு போன்ற தொல்லைகள் இருந்தால் மருத்துவரிடம் கூறுங்கள். அளவைக் குறைக்கவோ வேறு மாத்திரைக்கு மாற்றவோ இயலும். நோயாளியைக் கவனித்துக்கொள்பவர் இதில் பெரிதும் உதவலாம்: மாத்திரை அட்டையில் எத்தனை மீதமுள்ளன என்று வாரம் ஒருமுறை பார்த்தாலே போதும்.

பரிசோதனைக்கு முன்

முதல்முறை கொழுப்புப் பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. உணவுக்குப் பின் டிரைகிளிசரைடு உயருமே தவிர, மற்ற அளவுகள் பெரிதும் மாறுவதில்லை. டிரைகிளிசரைடு 400க்கு மேல் வந்தாலோ, சர்க்கரையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தாலோ வெறும் வயிற்றில் வரச் சொல்வர். அப்போது 9 முதல் 12 மணி நேரம் உணவின்றி இருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம், தேநீர், காபி கூடாது. முதல் நாள் மது அருந்தியிருந்தால் முடிவு தவறும். நீரிழிவு நோயாளிகள், இன்சுலினையோ சர்க்கரை மாத்திரையையோ எடுத்துக்கொண்டு பட்டினியாக வரிசையில் காத்திருத்தல் ஆபத்தானது. இரத்தம் கொடுத்த பிறகு, காலை உணவோடு சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சலிலோ பெரிய நோயிலோ இருக்கும்போது கொலஸ்ட்ரால் குறைந்து காட்டும். குணமாகிச் சில வாரங்கள் கழித்துச் செய்வது நல்லது. கருவுற்ற காலத்தில் கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் இயல்பாகவே உயரும். அக்காலத்து அளவைக் கொண்டு இதய அபாயத்தைக் கணிக்கக் கூடாது. ஆனால் கருவுற்றிருந்தபோது சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ வந்த பெண்கள் அதைப் பிற்காலத்தில் மருத்துவரிடம் கூற வேண்டும். அது எதிர்கால இதய நோய்க்கான முன்னெச்சரிக்கை. தைராய்டு சுரப்புக் குறைவும் கொலஸ்ட்ராலை உயர்த்தும். காரணம் விளங்காமல் அளவு கூடியிருந்தால் தைராய்டு பரிசோதனையும் செய்யப்படும்.

ஒரே மனிதரின் கொலஸ்ட்ரால் நாளுக்கு நாள் 5 முதல் 10 விழுக்காடு வரை மாறக்கூடும். டிரைகிளிசரைடு இன்னும் கூடுதலாக மாறும். சென்ற முறை 196, இம்முறை 204 என்றால் நிலை மோசமாகிவிட்டது என்று பொருளன்று. இதனால்தான் பழைய சீட்டுகள் தேவைப்படுகின்றன. ஓர் எண்ணைவிட, மூன்று நான்கு ஆண்டுகளின் போக்கு மருத்துவருக்கு அதிகம் சொல்லும். எல்லாச் சீட்டுகளையும் தேதி வரிசையில் ஒரே உறையில் வைத்திருங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட சீட்டுகள் நாளடைவில் மங்கிவிடும் என்பதால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

30 வயதைக் கடந்த அனைவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் பிரிவில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். மருந்து தொடங்கியவர்கள் அல்லது அளவு மாற்றப்பட்டவர்கள் 4 முதல் 12 வாரங்களில் கொழுப்புப் பரிசோதனையை மீண்டும் செய்து, இலக்கை எட்டினரா என்று பார்க்க வேண்டும். அதன்பின் பெரும்பாலோருக்கு ஆண்டுக்கொருமுறை போதும்.

நெஞ்சு வலி வந்தால் சீட்டைப் பார்க்காதீர்கள்

இதுவரை கூறியவை அனைத்தும் நலமாக இருக்கும் நேரத்துக்கு உரியவை. நடு நெஞ்சில் அழுத்தம் அல்லது எரிச்சல், இடது கை, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவும் வலி, திடீர் மூச்சுத்திணறல், காரணமின்றிக் குளிர்ந்த வியர்வை ஆகியவற்றுள் எது வந்தாலும், சென்ற வாரம் எடுத்த பரிசோதனை முழுவதும் இயல்பாக இருந்தாலும், அது மாரடைப்பாக இருக்கலாம். நீரிழிவு நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் முதியோருக்கும் வலியே இல்லாமல் வெறும் சோர்வாகவோ, வாயுத்தொல்லை போலவோ, குமட்டலாகவோ தோன்றலாம். சோடா குடித்துப் பார்ப்பதிலும் விடியட்டும் என்று காத்திருப்பதிலும் இதயத் தசை அழிந்துகொண்டிருக்கும்.

அந்நேரத்தில் தனியார் ஆய்வகத்துக்குச் சென்று டிரோபோனின் பரிசோதனை செய்துகொள்வதும் தவறு. டிரோபோனின், இதயத் தசை சேதமடைந்தால் இரத்தத்தில் கலக்கும் புரதம். வலி தொடங்கிய முதல் சில மணி நேரங்களில் அது இயல்பாகவே காட்டக்கூடும்; அதனால்தான் மருத்துவமனைகளில் இ.சி.ஜி.யுடன் சேர்த்து, இடைவெளி விட்டு மீண்டும் செய்கின்றனர். ஒரே ஒரு டிரோபோனின் சீட்டை நம்பி வீடு திரும்புவது ஆபத்து.

108க்கு அழையுங்கள். தாமே வண்டி ஓட்டிச் செல்ல வேண்டாம். தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ், மாரடைப்பு அறிகுறிகளுடன் வருவோருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகளின் முதல் தவணை 2023 முதல் வழங்கப்படுகிறது. பின்னர் மேல் சிகிச்சைக்கு அனுப்பி வைப்பர். உடன் செல்பவர், நோயாளி தற்போது எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளையும் ஒவ்வாமை குறித்த விவரத்தையும் கையோடு கொண்டு செல்லவும். பழைய இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். அவற்றைப் பின்னர் வீட்டிலிருந்து வேறொருவர் எடுத்து வரலாம்.